பூசணித் திருவிழாவுக்குக் கவச வண்டி: கணக்குக் கேட்ட ஒரு செனட்டரின் வரலாறு

அமெரிக்காவில் ஒரு முஸ்லிம் அமைப்பு, ஒரு நாள் நிகழ்ச்சியொன்றை நடத்திற்று. ஊக்கவுரை ஒன்றும், பிள்ளைகளை நல்ல முறையில் வளர்ப்பது பற்றிய சொற்பொழிவு ஒன்றும் அதில் இடம்பெற்றன. வேறோர் இடத்தில் ஒரு முஸ்லிம் குழு, ஒவ்வொரு முஸ்லிமும் வாசிக்க வேண்டிய பத்து நூல்கள் என்றொரு பட்டியலை வெளியிட்டது. நம் மஹல்லாக்களில் மாதந்தோறும் நடப்பவைதாம் இவை. ஆனால் அங்கே இவ்விரண்டும், பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கென்று அமர்த்தப்பட்ட அரசு ஊழியர்களின் கையால் உளவறிக்கைகளாக எழுதப்பட்டுத் தலைநகருக்கு அனுப்பப்பட்டன. அந்த எழுத்துக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்து சம்பளமும் வழங்கப்பட்டது.

இச்செய்தி உலகுக்குத் தெரியவந்த வழி நம் சிந்தனைக்குரியது. முஸ்லிம்களின் உரிமைக்காகப் போராடும் ஓர் இயக்கம் தோண்டியெடுத்த செய்தியன்று இது. குடியரசுக் கட்சியில் மிகக் கடுமையான பழைமைவாதிகளுள் ஒருவராக அறியப்பட்ட ஒரு செனட்டர், "இந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்கத் தொடங்கியதால் வெளிவந்த செய்தி. அவர் பெயர் டாம் கோபர்ன். ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி நகரைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர். தம் வாழ்நாளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தவர். கருக்கலைப்பு முதலிய சமூக விவகாரங்களில் விட்டுக்கொடுக்காதவர். தலைநகர் வாஷிங்டனில் அவருக்கு இட்ட பெயர் "டாக்டர் நோ", அதாவது "முடியாது" என்று சொல்லும் மருத்துவர்.

அவர் 1994-ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று தவணைகளுக்கு மேல் அப்பதவியில் இருக்கமாட்டேன் என்று வாக்காளர்களுக்கு வாக்களித்திருந்தார். அன்று அவ்வாறு வாக்களித்தவர்கள் பலர். நாற்காலியின் சுகம் கண்டபின் அதை மறந்தவர்களும் பலர். கோபர்ன் சொன்னபடியே 2001 தொடக்கத்தில் இறங்கி, மருத்துவத் தொழிலுக்குத் திரும்பினார். சபையில் இருந்தபோதும் தம் கட்சித் தலைவர்களுக்கு அவர் இனியவராக இருக்கவில்லை. 1999-இல் வேளாண்மைச் செலவு மசோதா ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கொண்டுவந்து சபையை ஸ்தம்பிக்கச் செய்தார். சிக்கனம் பேசி ஆட்சியைப் பிடித்த கட்சி, அதிகாரம் கிடைத்ததும் தானும் செலவாளியாகிவிட்டது என்பதே அவருடைய குற்றச்சாட்டு. 2003-இல் அவர் எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பின் பொருள் "நம்பிக்கை மீறல்". நம்முடைய சொல்லில் அமானித மோசடி என்று அதைச் சொல்லலாம்.

2005-இல் அவர் செனட்டராகத் திரும்பி வந்தார். அவ்வாண்டு நடந்த ஒரு வாக்கெடுப்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் "இயர்மார்க்" என்றொரு வழக்கம் உண்டு. கால்நடைகளின் காதில் உரிமையாளர் இடும் அடையாளத்திலிருந்து வந்த சொல் அது. பொதுவான ஒரு செலவு மசோதாவுக்குள், "இவ்வளவு தொகை என் தொகுதியில் இன்ன வேலைக்கு" என்று ஓர் உறுப்பினர் தமக்கென அடையாளமிட்டு ஒதுக்கிக்கொள்வதே இயர்மார்க். (இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருவது வேறோர் அடையாளம். நபி (ஸல்) அவர்கள் தம் கையில் சூட்டுக்கோலை ஏந்தி, ஜகாத் ஒட்டகங்களுக்கு அடையாளமிட்டுக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பொதுச் சொத்து தனியார் சொத்தோடு கலந்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. வாஷிங்டனின் அடையாளமோ பொதுச் சொத்தைச் சிலருக்கு உரியதாக ஆக்குவதற்கு இடப்பட்டது.)

2005 ஆகஸ்டில் கையெழுத்தான நெடுஞ்சாலைச் சட்டம் 28,600 கோடி டாலர் மதிப்புடையது. அதற்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இயர்மார்க்குகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அலாஸ்காவின் கெட்சிகன் நகரையும் கிராவினா தீவையும் இணைக்கும் பாலத்துக்கான 22.3 கோடி டாலர். கெட்சிகனின் விமான நிலையம் அத்தீவில்தான் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் தீவில் குடியிருந்தோர் ஏறத்தாழ ஐம்பது பேர். கரையிலிருந்து சில நிமிடங்களில் படகு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மக்கள் அதை "எங்கும் போகாத பாலம்" என்று ஏளனம் செய்தனர்.

அதே ஆகஸ்டின் இறுதியில் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சூறையாடியது. நகருக்கு வெளியே பான்சர்ட்ரெய்ன் ஏரியைக் கடக்கும் இரட்டைப் பாலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அக்டோபரில் கோபர்ன் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். அலாஸ்காப் பாலத்தின் பணத்தை எடுத்து, உடைந்து கிடக்கும் பாலத்தைக் கட்டுவோம் என்பதுதான் அது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறதல்லவா? அலாஸ்காவின் மூத்த செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ், அவரும் குடியரசுக் கட்சிக்காரரே, இது நிறைவேறினால் பதவியைத் துறந்து வெளியேறுவேன் என்று சபையில் முழங்கினார். வாக்கெடுப்பில் கோபர்னுக்கு ஆதரவாக 15 பேர், எதிராக 82 பேர்.

அந்த 82 பேரும் அலாஸ்காப் பாலத்தை விரும்பினார்கள் என்று கருத இடமில்லை. ஒவ்வொருவரிடமும் தத்தம் மாநிலத்துக்கென அடையாளமிட்ட ஏதோவொன்று இருந்தது. இன்று ஸ்டீவன்ஸின் பாலத்தில் கைவைத்தால் நாளை தம்முடையதில் கைவைக்கப்படும். ஆகவே ஒருவர் குறையை மற்றவர் மூடினார். கோபர்ன் இயர்மார்க்கை, பெரும் போதைக்கு ஆளாக்கும் முதல் சிறு போதைப் பொருளுக்கு ஒப்பிட்டுப் பேசிவந்தார். தொகை சிறிதுதான், ஆனால் தம் சிறு தொகையைக் காப்பதற்காக ஓர் உறுப்பினர், மற்றவர்களின் பெருந்தொகைகளுக்கெல்லாம் கை தூக்குகிறார் என்பது அவர் வாதம். பயன்பெற்ற நிறுவனங்கள் தேர்தல் நன்கொடையாக நன்றி செலுத்துவதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரிலிருந்து கண்டித்த நிகழ்ச்சியை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். பதவியின் நிழலில் வரும் அன்பளிப்பு எந்த நாட்டிலும் ஒரே தன்மையுடையதே.

பாலம் கட்டப்படவில்லை. 2007-இல் அலாஸ்கா மாநிலமே அத்திட்டத்தைக் கைவிட்டது.

தோல்வியுற்ற கோபர்ன் வேறொரு வழியைத் தேடினார். செலவை நிறுத்த முடியாவிட்டால், அதைப் பார்க்கவாவது செய்வோம் என்பது அவ்வழி. 2006-இல் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 25,000 டாலருக்கு மேற்பட்ட அரசு மானியங்கள், ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றும் யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டன என்பதைப் பொதுமக்கள் எவரும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்றது அது. அதில் அவருக்குத் தோள்கொடுத்தவர், எதிர்க்கட்சியைச் சேர்ந்த இளம் செனட்டர் பராக் ஒபாமா. கொள்கையில் இருவரும் வடதுருவமும் தென்துருவமும். ஆயினும் இருவரும் ஒரே ஆண்டில் செனட்டுக்குள் நுழைந்து நண்பர்களானவர்கள். பின்னாளில் ஒபாமா குடியரசுத் தலைவரான பிறகும் அந்த நட்பு முறியவில்லை; இதற்காகத் தம் கட்சியினரிடம் கோபர்ன் ஏச்சும் வாங்கினார்.

அந்த மசோதாவுக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. அன்று செனட்டில் ஒரே ஓர் உறுப்பினர், தம் பெயரை வெளியிடாமலேயே ஒரு மசோதாவை நிறுத்திவைக்க முடிந்தது. வெளிப்படைத்தன்மையைக் கோரிய மசோதாவை யாரோ ஒருவர் இரகசியமாக நிறுத்திவிட்டார்! வலதுசாரிகளும் இடதுசாரிகளுமான இணைய எழுத்தாளர்கள் ஒன்றுசேர்ந்து, நூறு செனட்டர்களின் அலுவலகங்களுக்கும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்து, "நீங்களா?" என்று கேட்கச் செய்தனர். இறுதியில் ஒப்புக்கொண்டவர்களுள் ஒருவர் அதே டெட் ஸ்டீவன்ஸ். மற்றவர் ஜனநாயகக் கட்சியின் முதுபெரும் உறுப்பினர் ராபர்ட் பர்ட். பெயர் வெளிவந்ததும் தடை விலகியது. 2006 செப்டம்பர் 26 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த இணையத்தளம் திறக்கப்பட்டது. இன்றும் அது இயங்குகிறது.

2010-இல் அவர் சட்டத்தில் மற்றொரு சிறு பிரிவையும் சேர்ப்பித்தார். ஒரே வேலையை எத்தனை துறைகள் தனித்தனியே செய்கின்றன என்று அரசின் தணிக்கை அலுவலகம் ஆண்டுதோறும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்பது அப்பிரிவு. 2011 மார்ச்சில் வந்த முதல் அறிக்கை, ஆசிரியர்களின் தரத்தை உயர்த்துவதற்கென்று மட்டும் 82 திட்டங்களும், வேலைப் பயிற்சிக்கென்று 47 திட்டங்களும் இருப்பதாகக் கூறிற்று. அவற்றுள் பெரும்பாலானவை பயன் தருகின்றனவா என்று எவரும் அளந்து பார்த்திருக்கவில்லை. ஆரவாரமற்ற இந்தப் பிரிவே அவர் விட்டுச்சென்றவற்றுள் மிகவும் பயனுள்ளது என்பது எம் கருத்து.

இனி, தொடக்கத்தில் சொன்ன உளவறிக்கைகளுக்கு வருவோம்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கா உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்று ஒரு புதிய துறையை அமைத்தது. அத்துறை, மாநிலங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட தகவல் ஒருங்கிணைப்பு மையங்களுக்குப் பணம் வழங்கிற்று. பயங்கரவாதம் என்ற சொல்லைக் கேட்டாலே பணப்பெட்டி திறந்துகொண்ட காலம் அது. அந்தச் செலவைக் கேள்வி கேட்பவன் தேசத்தின் பாதுகாப்பில் அக்கறையற்றவன் என்று கருதப்பட்ட காலமும் கூட. கோபர்ன் கேள்வி கேட்டார். செனட்டின் நிரந்தர விசாரணைத் துணைக்குழுவில் அவர் தொடங்கிய விசாரணை ஈராண்டுகள் நடந்தது. குழுவின் தலைவர், ஜனநாயகக் கட்சியின் கார்ல் லெவின். 2012 அக்டோபரில் இரு கட்சிகளும் சேர்ந்து அறிக்கையை வெளியிட்டன.

இம்மையங்களுக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, 28.9 கோடி டாலருக்கும் 140 கோடி டாலருக்கும் இடையில் ஏதோ ஒரு தொகை என்பதற்குமேல் துறையால் சொல்ல முடியவில்லை. நம் ஜமாஅத்தில் ஒரு பொருளாளர் இவ்வாறு கணக்குச் சொன்னால், ஜும்ஆவுக்குப் பின் அவர் வீடு போய்ச் சேர்வது கடினம்! மானியப் பணத்தில் சில இடங்களில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகளும் சொகுசு வண்டிகளும் வாங்கப்பட்டிருந்தன. 13 மாத காலத்தில் எழுதப்பட்ட 610 வரைவறிக்கைகளைக் குழு ஒவ்வொன்றாக வாசித்தது. ஒரு பயங்கரவாதச் சதியையேனும் வெளிக்கொணர்ந்த அறிக்கை அவற்றுள் ஒன்றுகூட இல்லை. அவற்றுள் 188 அறிக்கைகள் துறையின் மேலாய்வாளர்களாலேயே தள்ளுபடி செய்யப்பட்டவை. பயனில்லை என்பதற்காகச் சில. குடிமக்களின் உரிமையை மீறுகின்றன என்பதற்காகச் சில.

பிள்ளை வளர்ப்புச் சொற்பொழிவும் பத்து நூல்களின் பட்டியலும் அந்தத் தள்ளுபடிக் குவியலில்தான் கிடந்தன. அந்த நூல்களின் ஆசிரியர்கள் சிலரது பெயர் ஐயத்துக்குரியோர் பட்டியலில் இருந்ததாம். நூலில் வன்முறைக்கான தூண்டுதல் எதுவும் இருப்பதாகக் காட்டாமல், மக்கள் எதை வாசிக்கிறார்கள் என்பதை மட்டும் நாம் அறிக்கையிட முடியாது, அது அரசியல் சட்டம் காக்கும் உரிமை என்ற பொருளில் மேலாய்வாளர் ஒருவர் குறிப்பெழுதியிருந்தார். அப்படிப்பட்ட நேர்மையாளர்களும் அத்துறைக்குள் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கலாகாது. ஆனால் கணக்குக் கேட்ட அறிக்கை வராதிருந்தால் அந்தக் குறிப்பும் குவியலுக்குள்ளேயே கிடந்திருக்கும். துறையோ, இவ்விசாரணை பழைய தகவல்களை வைத்து எழுதப்பட்டது, குறைபாடுடையது என்று மறுத்தது.

அவ்வாண்டு டிசம்பரில் கோபர்ன் தனியாக வெளியிட்ட அறிக்கை, அதே துறையின் நகரப் பாதுகாப்பு மானியங்களைப் பற்றியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீன் என்னும் சிறு நகரம், ஆண்டுதோறும் தான் நடத்தும் பூசணித் திருவிழாவைத் தாக்குதலுக்குள்ளாகக் கூடிய இடமாகக் காட்டி, ஒரு கவச வண்டிக்குப் பணம் பெற்றிருந்தது. மிச்சிகனில் 13 பனிக்கூழ் இயந்திரங்கள். சான் டியாகோவின் தீவு விடுதியொன்றில் நடந்த மாநாட்டுக்கு ஆயிரம் டாலர் நுழைவுக் கட்டணம். அங்கே காட்டப்பட்ட பயிற்சி, நடைபிணங்கள் படையெடுத்து வந்தால் எதிர்கொள்வது எப்படி என்பது. ஒரு சமுதாயத்தைப் பற்றிய அச்சத்தை மூலதனமாக வைத்துத் திரட்டப்பட்ட பணம் இவ்வாறு கரைந்தது.

கோபர்ன் முஸ்லிம்களுக்காக வாதாடியவர் அல்லர். அவர் நோக்கம் பணம்தான். ஆனால் கணக்கற்ற பணமும் கணக்கற்ற அதிகாரமும் ஒரே வாசல் வழியாகவே நுழைகின்றன. ஒன்றைத் தேடிச் சென்றவரின் கையில் மற்றதும் அகப்பட்டது. இராணுவத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. போர்த்தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலைகளைப் பாதுகாப்பு அமைச்சகம் விட்டொழித்தால் பத்தாண்டுகளில் 6,790 கோடி டாலர் மிச்சமாகும் என்று 2012 நவம்பரில் கணக்கிட்டார். அவர் கட்சியில் இராணுவச் செலவைத் தொடத் துணிந்தவர்கள் அன்று மிகச் சிலரே.

இவ்வளவும் சொன்ன பின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது வரலாறாகாது.

வீண்செலவைப் பட்டியலிட்டு 2010 முதல் ஆண்டுதோறும் அவர் வெளியிட்ட நூல் மக்களைச் சிரிக்க வைத்தது. ஆனால் சிரிப்பு எப்போதும் நீதியோடு வருவதில்லை. 2011-இல் அவர் அறிவியல் மானியங்களைத் தாக்கியபோது, இறாலை ஓட வைக்கும் இயந்திரம் நாடெங்கும் கேலிப்பொருளாயிற்று. மானியம் ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. உண்மையில் அது, கடல்நீர் மாசடைவதால் கடலுணவுக்கு வரும் நோய்களைப் பற்றிய பல்லாண்டு ஆராய்ச்சி. அந்த இயந்திரத்தையோ ஆராய்ச்சியாளர் உதிரிப் பொருள்களைக் கொண்டு ஐம்பது டாலருக்கும் குறைந்த தம் சொந்தப் பணத்தில் செய்திருந்தார். தெரியாத துறையின் செலவைத் தலைப்பை மட்டும் பார்த்து வீண் என்று தீர்ப்பளிப்பதும் ஒருவகை அநீதியே.

இதைவிடக் கனமானவை உண்டு. உலக வர்த்தக மைய இடிபாடுகளில் உழைத்து நச்சுத் தூசியால் நோயுற்ற தீயணைப்பு வீரர்களுக்கான உதவி மசோதாவை 2010-இல் அவர் தடுத்து நிறுத்தினார். பிரதிநிதிகள் சபை ஏற்றிருந்த 740 கோடி டாலர், இறுதியில் 430 கோடியளவுக்குக் குறைந்த பிறகே நிறைவேறிற்று. கறுப்பின மக்களுக்கு எதிரான பழைய கொலை வழக்குகளை மீண்டும் விசாரிக்கும் எம்மெட் டில் சட்டத்தையும், அதற்கான பணத்தை வேறெங்காவது குறைத்துக் காட்டுங்கள் என்று கேட்டு நீண்டநாள் நிறுத்திவைத்தார். 2008-இல்தான் அது சட்டமானது. பதவியின் கடைசி வாரங்களில், 2014 டிசம்பரில், போரிலிருந்து திரும்பிய வீரர்களின் தற்கொலையைத் தடுக்கும் மசோதாவையும் தடுத்தார். அதன் செலவு 2.2 கோடி டாலர். இதே வேலைக்கு ஏற்கெனவே திட்டங்கள் உள்ளன, அவை ஏன் தோற்றன என்று யாரும் கேட்கவில்லையே என்பது அவர் வாதம். கேள்வி சரியானதாகவே இருக்கலாம். ஆனால் விடை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியவர்கள் அந்த வீரர்களின் தாய்மார்கள். அவர் சென்ற மறு மாதமே செனட் அதை 99-க்கு 0 என்று நிறைவேற்றியது.

மார்க்கம் இஸ்ராஃபைத் தடுத்ததைப் போலவே கஞ்சத்தனத்தையும் தடுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதே கடினம். பைத்துல் மாலின் பொறுப்பாளர் கையை இறுக்கிப் பிடிக்கும்போது, உரியவருக்குப் போய்ச் சேர வேண்டியதும் விரலிடுக்கில் சிக்கிக்கொள்வதுண்டு. கோபர்னிடம் நிகழ்ந்தது இதுவே என்று எமக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவருடைய அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறவில்லை. 2013 மே 20 அன்று அவருடைய ஓக்லஹோமாவிலேயே மூர் நகரைச் சூறைக்காற்று தாக்கி 24 பேர் மாண்டனர். இடிபாடுகள் அகற்றப்படுவதற்கு முன்பே அவர் அலுவலகம் அறிவித்தது: கூடுதல் நிவாரணம் வேண்டுமானால் அதற்கீடான தொகையை வேறு செலவில் குறைத்தாக வேண்டும் என்றே செனட்டர் கேட்பார். மற்ற மாநிலங்களின் துயரத்தின்போது சொன்னதையே தம் மாநிலத்தின் ஜனாஸாக்கள் அடக்கமாவதற்கு முன்பும் சொன்னார். இதைக் கல்நெஞ்சம் என்று பலர் ஏசினார்கள். கல்நெஞ்சமோ என்னவோ, பாரபட்சம் என்று மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

பதவிக்காலம் முடிய ஈராண்டுகள் இருக்கும்போதே, 2015 ஜனவரியில் அவர் விலகினார். விடைபெறும் உரையில், தம்மால் மனம் புண்பட்டோர் அனைவரிடமும் கண்கலங்க மன்னிப்புக் கேட்டார். உறுப்பினர் எடுக்கும் உறுதிமொழியில் தம் மாநிலத்துக்கு நன்மை தேடித் தருவேன் என்ற வாசகம் எங்குமில்லை என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டினார். 2020 மார்ச் 28 அன்று, 72-ஆம் வயதில் காலமானார். அவர் செனட்டுக்குள் நுழைந்தபோது நாட்டின் கடன் சுமார் 7.6 லட்சம் கோடி டாலர். வெளியேறியபோது 18 லட்சம் கோடி.

2011-இல் நிறுத்தப்பட்ட இயர்மார்க்குகள் பத்தாண்டுகளுக்குப் பின் 2021-இல் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டன. ஆனால் இம்முறை ஒரு நிபந்தனை இருக்கிறது. பணம் கேட்கும் ஒவ்வோர் உறுப்பினரும் தம் பெயரையும், தொகையையும், பெறப்போகும் அமைப்பின் முகவரியையும் இணையத்தில் வெளியிட வேண்டும். அதில் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ பொருளாதார நலன் இல்லை என்று கையொப்பமிட்டுத் தர வேண்டும்.